கிழக்கே ரோஜா, மேற்கே அழுகின முட்டை

இங்கிலாந்தின் முன்னாள் பிரதமர் வினிபிரட் ஹாலம் அம்மையார் செத்துப்போன அன்றைக்குக் காலையில், பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் தோணித்திட்டில், அதே பேருள்ள, ஊரார் வினி என்று கூப்பிடும் வினிபிரட்டின் வீட்டுக் கூரையில் மேற்குப் பக்கம் அழுகின முட்டையும் கிழக்குப் பக்கம் ரோஜாப்பூவும் விழுந்தன. பங்குனி மாசம், இறால் மந்தம், ஊரே வீட்டில் கிடந்ததால் எல்லாரும் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக் கூரையில் ஒரு இதழ் கிடையாது, ஒரு முட்டை ஓடு கிடையாது. கூரை முகட்டை எல்லை வைத்து யாரோ மேலே நின்று அளந்து போடுகிற மாதிரி, கிழக்கே விழ வேண்டியது கிழக்கே, மேற்கே விழ வேண்டியது மேற்கே. மத்தியானத்துக்கு மேல் மேற்குப் பக்கம் தக்காளியும் சேர்ந்துகொண்டது. சாயங்காலம் கைப்பிடி கைப்பிடியாக நிலக்கரி விழுந்து சிமெண்ட் ஷீட்டில் ஒரு விரிசல் விட்டது. வினியின் புருஷன் ராபர்ட் படகு பழுது பார்க்கிறவன், அதிகம் வாய் திறக்காத ஆள். மறுநாள் காலை ஏணி போட்டு ஏறி மேற்குப் பக்கம் மட்டும் ஒரு தார்ப்பாயை விரித்துக் கட்டினான்.

காரணம் பேரில் இருந்தது. வினியின் அப்பா சாலமன் வாலிபத்தில் சரக்குக் கப்பலில் சமையல் உதவிக்குப் போனவர். ஏதோ ஒரு ஆங்கிலத் துறைமுகத்தில் கரைக்கு இறங்கின அன்றைக்கு அந்த அம்மாள் அங்கே வந்திருக்கிறாள். கோட்டுப் போட்ட ஆம்பளைகள் அத்தனை பேரும் எழுந்து நின்றிருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்துக் கூட்டத்திலிருந்து ஒரு முட்டை பறந்து வந்து அவள் தோளில் உடைந்திருக்கிறது. அவள் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டு நடந்துகொண்டே போனாளாம். ஊருக்கு வந்த சாலமன், பிறந்திருந்த பெண்ணைத் தூக்கி வைத்துக்கொண்டு பெண்டாட்டியிடம், "ஒரு பொம்பளைக்கு இத்தினி ஆம்பளைங்க எழுந்து நின்னத நான் பார்த்ததே இல்ல மே. முட்டைய தொடச்சிக்கினு அவ பாட்டுக்கு நடந்தா பாரு!" என்று சொல்லி அந்தப் பேரையே வைத்துவிட்டார். முட்டையை எறிந்தவன் யார், ஏன் எறிந்தான் என்று அந்த மனுஷன் கடைசி வரைக்கும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அந்த அம்மாள் செத்ததையும், ஏன் எறிந்திருப்பான் என்பதையும் சொன்னவர் பஸ் கண்டக்டர் இளங்கோவன். திருப்பாலைவனத்திலிருந்து வந்தவர், கூரையைப் பார்த்துவிட்டு செல்போனைத் தடவித் தடவிப் படித்தார். "பாதி நாடு ஒப்பாரி வெக்கிது, பாதி நாடு கேக் வெட்டுது. இன்னாக்கா பேரு வெச்சிக்கினு கீற நீ?" நொடிச்சுக் கிடந்த நாட்டை நிமிர்த்தினவள் என்று ஒரு கட்சி. கரிச் சுரங்கத்தையெல்லாம் இழுத்துப் பூட்டி ஊர் ஊராகக் குடும்பங்களை நடுத்தெருவில் நிறுத்தினவள் என்று ஒரு கட்சி. வினி, "அவுங்க நல்லவங்களா கெட்டவங்களா, அத்த சொல்லுண்ணா" என்றாள். "அத்த அவங்க ஊர்லயே இன்னும் யாரும் முடிவு பண்ணலக்கா" என்று சொல்லிவிட்டு இளங்கோவன் கிளம்பினார்.

முடிவாகாததால் விழுவதும் நிற்கவில்லை. அங்கே சிலை வைத்தால் இங்கே ஒரு வாரம் முட்டை, நினைவு நாள் வந்தால் ரோஜா. ரோஜாவில் பாதி மாதா கோயிலுக்கும் பாதி கங்கையம்மனுக்கும் போனது. நிலக்கரியை வாங்க பழவேற்காட்டிலிருந்து இஸ்திரிக்காரர் படகேறி வந்தார். நாற்றம்தான் தாங்க முடியவில்லை. கோயில் ஃபாதர் வந்து, பேரை மேரி என்று மாற்றி ஒரு ஜெபம் வைத்துவிட்டால் நின்றுவிடும் என்று பக்குவமாகச் சொன்னார். வினி தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, "எங்க நைனா வெச்ச பேரு ஃபாதர். முட்ட விழுதுன்னு மாத்திட்டா, அந்தாளு அங்க பார்த்ததுக்கே அர்த்தமில்லாமப் பூடும்" என்றாள். சும்மா சொல்லக்கூடாது, அவளுக்கு உள்ளூர ஒரு கெத்தும் இருந்தது. எந்த ஊரில் எவளுக்கு இப்படி விழுகிறது?

வினிக்குப் பிழைப்பு ஏரியில் இறால் தடவுவது. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றுக்குள் ரெண்டு கையையும் விட்டுத் தடவி, அகப்பட்ட இறாலைப் பனையோலைப் பறியில் போடுவார்கள். கை ரெண்டும் சேற்றில் இருப்பதால் பறியின் விளிம்பைப் பல்லால் கவ்விக்கொள்ள வேண்டும். அதனால் வேலை நேரத்தில் ஒருத்தியும் பேச முடியாது. தோணித்திட்டுப் பெண்களும் எதிர்க்கரை ஈச்சங்கரைப் பெண்களும் ஒரே சேற்றில்தான் தடவினார்கள். வினிக்குப் பக்கத்தில் எப்போதும் நிற்கிறவள் ஈச்சங்கரைச் செல்வம்மாள். முன்பல் ஒன்று இல்லாதவள், அதனால் அவள் பறியின் விளிம்பில் பல்தடம் நடுவில் விட்டுப்போய் இருக்கும். குவியலில் எது யாருடைய பறி என்று அதை வைத்தே எடுப்பார்கள். பதினைந்து வயதிலிருந்து ரெண்டு பேரும் பேசாமலே சிநேகம்.

ஒரு வருஷம் முகத்துவாரம் மணல் மூடி ஏரி வற்றிக்கொண்டே வந்தது. ஆழத்தில் மீன் இல்லை. வலைக்காரர்கள் பெண்கள் தடவும் சேற்றின் மேல் கண் வைத்தார்கள். யாருக்கு எந்த நாள் எந்த இடம் என்று சீட்டுப் போட்டு எடுப்பதற்கு அங்கே பாடு என்று பேர். பாட்டில் பேர் இருந்தால் ஏரியில் இடம், இல்லாவிட்டால் கரையில் நின்று பார்க்க வேண்டியதுதான். பெண் பேரில் சீட்டு எழுதின வழக்கமே கிடையாது. ஊர்த் தலைவர் சுப்பராயலு கங்கையம்மன் கோயில் மணலில் கூட்டம் போட்டு, அந்தச் சேற்றையும் பாட்டில் சேர்த்தாயிற்று, இனி அங்கேயும் கழி நட்டு வலை கட்டலாம் என்று அறிவித்தார். வேலி ஓரம் நின்று கேட்கிற பெண்களில் ஒருத்தியான வினி வேலியைத் தாண்டி வந்து ஆம்பளைகள் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "எங்களுக்கும் ஒரு சீட்டு எழுது, தலைவரே." கூட்டத்தில் சிரிப்பாணி பொத்துக்கொண்டது. ஒருத்தன், "ஏன், பிரதமர் அம்மாவுக்குப் பாராளுமன்றத்துல சீட்டு இல்லியா?" என்று கேட்டுக் கைதட்டும் வாங்கினான்.

மறுநாள் கழி நட வந்த படகுகள், நட வேண்டிய இடத்திலெல்லாம் ஒரு பெண் நிற்பதைப் பார்த்தன. ரெண்டு ஊர்ப் பெண்களும் கைகோத்து ஏரிக்குள் நின்றார்கள். பறியை வாயிலிருந்து எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அத்தனை வருஷம் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசினார்கள். அடேயப்பா, அந்த ஏரி அந்த மாதிரி வசவைக் கேட்டதே இல்லை. மழை பிடித்தது, நின்றார்கள். காய்ச்சல் வந்தவளை அனுப்பிவிட்டு அவள் மகள் வந்து நின்றாள். வினியின் வலக்கை செல்வம்மாளின் இடக்கைக்குள் இருந்தது, தோல் ஊறி வெளுத்துவிட்டது. இந்தச் சேறு போனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு செங்கல் சூளைக்குத்தான் போக வேண்டும் என்று ரெண்டு பேருக்கும் தெரியும்.

கடைசியில் சுப்பராயலு தனியாகப் படகில் வந்து வினியின் எதிரே நிறுத்தினார். "எழுதறேன். பொம்பளைங்க பேருலயே எழுதறேன். ஆனா உன் ஊருக்கு மட்டும். ஈச்சங்கரையாளுங்க இனிமே இந்தப் பக்கம் கால் வெக்கக்கூடாது. இந்தச் சேறு எத்தினி கைய தாங்கும், நீயே சொல்லு." சேறு வருஷத்துக்கு வருஷம் சுருங்கிக்கொண்டு வருவது சேற்றில் கை வைக்கிறவளுக்குத் தெரியாதா? ரெண்டு ஊரையும் தாங்காது. மறுத்தால் ரெண்டு ஊருக்கும் இல்லை. தன் பின்னால் நடுங்கிக்கொண்டு நிற்கிற பெண்களைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் "சரி" என்றாள். கையை விட்டது வினிதான், இதில் ரெண்டு பேச்சே இல்லை. செல்வம்மாள் அவளைத் திட்டவில்லை, மண் வாரித் தூற்றவில்லை. தலையில் இருந்த பறியை எடுத்து விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு தன் கரையைப் பார்த்து நடந்தாள். வாயில் பறி இருந்தால் பேச வேண்டியதில்லை.

அந்தத் தைமாதப் பாட்டில் பெண்கள் பேரில் முதல் சீட்டு எழுதப்பட்டது, வினியே சீட்டுக் குவியலில் கையை விட்டு எடுத்தாள். தோணித்திட்டு நிமிர்ந்தது. ஓலை வீடு ஓட்டு வீடாகியது, பெண்பிள்ளைகள் பொன்னேரி காலேஜுக்குப் போனார்கள், கட்டின புருஷனிடம் கை நீட்டாத பெண்கள் கங்கையம்மன் திருவிழாவில் தங்கள் பேரில் பந்தல் போட்டார்கள். வினி தெருவில் நடந்தால் புதுப்பெண்கள் குனிந்து கும்பிடுவார்கள். எதிர்க்கரையில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. சிலர் சூளைக்குப் போனார்கள், சிலர் சென்னையில் வீட்டு வேலைக்குப் போனார்கள். செல்வம்மாள் மட்டும் போகாமல் இறால் உரிக்கிற கொட்டகையில் கூலிக்கு உட்கார்ந்தாள். ஈச்சங்கரையில் பிள்ளைகளை அதட்ட வினியின் பேரைச் சொல்வார்கள் என்று கேள்வி.

இதற்கிடையில் ஆகாயத்திலிருந்து விழுவது குறைந்துகொண்டே வந்தது. அந்த நாட்டுக்காரர்களுக்குச் சண்டை போட வேறு ஆட்கள் கிடைத்திருக்க வேண்டும். ஒரு நினைவு நாளுக்கு ரோஜாவே ரெண்டு மூன்றுதான், அதுவும் வாடினது. அப்புறம் ஒரு பங்குனி முழுக்க ஒன்றும் விழவில்லை. ராபர்ட் தார்ப்பாயை அவிழ்த்து மடித்துப் பரணில் போட்டான். வினிக்கு வீடு வெறிச்சென்று இருந்தது. அந்த அம்மாளை அவள் நாடே மறந்துபோய்விட்டதே என்று, கண்ணால் பார்க்காத ஒருத்திக்காக அவளுக்குத் துக்கமாகக்கூட இருந்தது.

அடுத்த வருஷம் தைமாதப் பாட்டுக்குச் சீட்டெடுக்கும் நாளில், விடிந்ததும் கூரையில் பொத்து பொத்தென்று சத்தம் கேட்டது. கிழக்குப் பக்கம் கனகாம்பரமும் மல்லியும், உள்ளூர்க் கட்டு, வாழைநாரில் முடிந்தது. மேற்குப் பக்கம் ஏரிச் சேறு, இறால் தலை, ஓடு. கூடவே பறிகள். வெளியே ஓடி வந்த வினி காலடியில் கிடந்த ஒரு பறியை எடுத்து விளிம்பைப் பார்த்தாள். பல்தடம் நடுவில் விட்டுப்போய் இருந்தது. இன்னொன்றை எடுத்தாள், அதிலும். செல்வம்மாள் வாய்க்குள் அத்தனை வருஷம் கிடந்தது இன்றைக்குத்தான் வந்து சேர்ந்தது. வினி அந்தப் பறியை மார்போடு வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே நிமிர்ந்து நின்றாள். ராபர்ட் தார்ப்பாயோடு ஏணியில் கால் வைத்தான்.

"மடிச்சி உள்ள வை. அவுங்களுது விழுந்தப்ப நாம மூடிக்கினது சரி. இது எனக்கு வந்தது."

கோயில் மணலுக்கு அவள் போனபோது தலையில் கிழக்குப் பக்கத்து மல்லி, தோளில் மேற்குப் பக்கத்துச் சேறு, கையில் அந்தப் பறி. கிழவராகிவிட்ட சுப்பராயலு முதலில் எழுந்தார், பின்னாலேயே அத்தனை ஆம்பளைகளும் எழுந்தார்கள். மரியாதைக்கா, சேறு மேலே பட்டுவிடும் என்ற பயத்துக்கா என்று கேட்டால், ரெண்டுக்கும்தான். வினி முந்தானையால் தோளைத் துடைத்துவிட்டு நடந்து போய்ப் பறியை நடுவில் வைத்தாள். "சீட்டை இதுல போடு, தலைவரே. இன்னொரு சீட்டும் எழுது. ஈச்சங்கரைப் பொம்பளைங்கன்னு எழுது."

"நீதானம்மா அன்னிக்கு சரின்ன?"

"ஆமா, நான்தான். அன்னிக்கு சரின்னு சொல்லலைன்னா இன்னிக்கு யாருக்கும் சேறு இருந்திருக்காது. அத்த சொன்னதுக்கு நான் வெக்கப்படல. இன்னிக்கு இத்த எழுதச் சொல்றதும் நான்தான். எங்க நாள்ல பாதிய எடுத்துக் குடு."

அவளுடைய ஊர்ப் பெண்களே கொதித்தார்கள். எங்கள் பங்கில் கை வைக்க நீ யார் என்று ஒருத்தி கத்தினாள், நேற்று வரைக்கும் குனிந்து கும்பிட்டவள். வினி நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. பொழுது சாய்வதற்குள் சீட்டு எழுதப்பட்டது.

செல்வம்மாள் வந்தாள். புதுப் பறியைக் கவ்விக்கொண்டு, பழைய இடத்தில், வினிக்குப் பக்கத்தில் இறங்கிக் குனிந்தாள். அன்றைக்கு முழுக்கப் பறியை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. மன்னித்தாளா என்று ஊரில் இன்னும் கேட்கிறார்கள். தண்ணீருக்குள் கையும் கையும் இடித்துக்கொண்டபோது அவள் நகர்ந்துபோகவில்லை என்பது மட்டும் தெரியும்.

இப்போதும் பாட்டுக்குச் சீட்டெடுக்கும் நாளில் விழுகிறது. கிழக்கே ஈச்சங்கரைக் கனகாம்பரம் கூடியிருக்கிறது, மேற்கே தோணித்திட்டு இறால் ஓடு கூடியிருக்கிறது. வாடகைப் படகில் வருகிற வெளியூர்க்காரர்கள் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். செல்வம்மாளின் பல் பதிந்த பறி வருஷம் தவறாமல் ஒன்று வரும். போன தையில் அது எந்தப் பக்கம் விழுவதென்று தெரியாமல் முகட்டிலேயே சிக்கிக்கொண்டது. ராபர்ட் ஏணியைத் தூக்கினான். வாசலில் முறத்தில் இறால் பொறுக்கிக்கொண்டிருந்த வினி அண்ணாந்து பார்த்துவிட்டு, "இருக்கட்டும் உடு" என்றாள். அது அங்கேயேதான் இருக்கிறது.