பாஞ்சாலையின் வலது தோள்

முதல் தடவை வந்தபோது பாஞ்சாலைக்கு வலி மாத்திரையும் ஆயின்மென்ட்டும் எழுதிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பியவள் நான்தான்.

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் பெண்களின் தோளைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்ற திமிர். என் அம்மாவும் சுடாத பச்சைப் பொம்மைகள் அடுக்கிய பலகையை வலது தோளில் வைத்துச் சூளைக்குத் தூக்கியவள்தான். அந்தத் தோளின் உழைப்பில்தான் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரியானேன். பாஞ்சாலை வலது தோள்பட்டை குத்துகிறது என்றதும், "பலகை தூக்குறீங்களா?" என்று கேட்டேன். "ஆமாங்க" என்றார். அவ்வளவுதான். வயிற்றில் கைகூட வைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை பதினோரு மணிக்கு மறுபடி வந்தார். காய்ச்சல், வாந்தி. நிமிர முடியாமல் கணவர் மாயவனைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க குடுத்தத தேச்சித் தேச்சி வூடே நாறுது டாக்டரம்மா, வலி மட்டும் போவல" என்றார் மாயவன்.

வயிற்றின் வலது மேல்பக்கம் கை வைத்தேன். பாஞ்சாலையின் மூச்சு பாதியில் நின்றது.

"ஸ்கேன் டாக்டர் திட்டக்குடி போயிருக்காரு. மூணு மணிக்குத்தான் வருவாரு" என்றாள் நர்ஸ் பிரபா.

"அதுவரைக்கும் இவங்க வயிறு பொறுத்துக்குமா? நம்ம சின்ன மெஷினத் தள்ளிட்டு வா, நானே பாக்கறேன்."

பயிற்சி எடுத்திருக்கிறேன். ஆனால் தனியாகப் பித்தப்பை பார்த்தது நாலைந்து முறைதான். விலா எலும்புக்குக் கீழே கருவியை வைத்தேன். திரையில் வெறும் சாம்பல் புகை.

"அக்கா, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்க. மூச்ச நல்லா இழுத்து அப்படியே நிறுத்துங்க."

கல்லீரலுக்கு அடியிலிருந்து கறுப்பாக ஒரு பை இறங்கி வந்தது. அதன் கழுத்தில் வெள்ளையாக ஒரு கல். கல்லுக்குக் கீழே கோடு போட்டதுபோல் நிழல். பையின் சுவர் வீங்கித் தடித்திருந்தது. மல்லாந்து படுக்கச் சொல்லிப் பார்த்தேன். கல் நகரவில்லை. கருவியால் பையைச் சுற்றிலும் அழுத்தினேன், பேசாமல் இருந்தார். பைக்கு நேர் மேலே அழுத்தியதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அங்கதாம்மா! அங்கயேதான்!"

பித்தப்பை வீங்கினால் வலி வலது தோளில் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

டிரிப்பும் ஊசியும் போட்டுவிட்டு, சர்ஜன் ஆதிநாராயணனுக்குப் போன் செய்தேன். நாளைக் காலை ஆபரேஷன் என்றார்.

மாயவன் கைகூப்பினார். "நல்லவேளை, நீங்க கண்டுபுடிச்சீங்க."

அந்தக் கும்பிடை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

"முந்தாநாளே கண்டுபிடிச்சிருக்கணும். நான் வயித்தத் தொட்டுக்கூடப் பாக்கல. தப்பு என்னுது."

மாயவனின் கைகள் இறங்கின. பிரபா டிரிப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாஞ்சாலைதான் பேசினார்.

"கம்பெனில எல்லாரும் அங்க போவாதன்னாங்க. அந்த டாக்டர் பொண்ணு மூஞ்சி எப்பவும் கடுகடுன்னு இருக்கும்னாங்க."

"அப்புறம் ஏன்க்கா வந்தீங்க?"

"தப்பாப் பாத்தவங்கதான சரியாப் பாக்கணும்? வேற ஆளுகிட்ட போனா மொதல்லேர்ந்து கதை சொல்லணும். யாரால முடியும்?"

வேறு எங்காவது போயிருந்தால் என் தப்பு எனக்குத் தெரிந்தே இருக்காது. எங்கும் போகாமல் படுத்திருந்தால் அந்தப் பை அழுகியிருக்கும்.

"திரும்பி வந்ததுக்கு ரொம்ப நன்றிக்கா" என்றேன்.

"நன்றியெல்லாம் இருக்கட்டும். நாளைக்கு ஆபரேஷன் ரூமுக்குள்ள நீங்களும் கூட நில்லுங்க."

நின்றேன்.