வடக்கே தலை

கோபப்படுவதில் எனக்கு இணை எங்கள் கோபாலபுரத்தில் கிடையாது. தேங்காய் போட வருகிறவர்கூட என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மரம் ஏறுவார். அப்பேர்ப்பட்ட கோமதியாகிய நான், ஒரு பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குப் பயந்து பதினொரு மாதம் வீட்டுக்குள் பூனை நடை நடந்தேன்.

ராமலட்சுமி வண்டன்மேட்டுக்காரி. ஏலத்தோட்டத்து வீட்டில் அவளுக்கு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றுதான் குழந்தைகள் நலக் கமிட்டியில் சொல்லியிருந்தார்கள். விடுதியிலிருந்து ஒரு வருடத்துக்கு எங்களிடம் வளர்க்கக் கொடுத்தார்கள். வந்த நாள் முதல் அவள் படுத்துத் தூங்கியதே இல்லை. சுவரில் முதுகைச் சாய்த்து, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தே தூங்குவாள். 

சனிக்கிழமைதோறும் பின்சி டீச்சர் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சமுதாயக் கூடத்தில் யோகா நடத்துவார். கண்ணை மூடச் சொல்ல மாட்டார். தொட்டுத் திருத்த மாட்டார். கதவைச் சாத்த மாட்டார். "செய்யணும்னு தோணுனா செய்யுங்க, இல்லேன்னா சும்மா உக்காந்திருங்க" என்பார். இதற்கு எதற்கு ஒரு டீச்சர் என்று நான் வெளியே உட்கார்ந்து முணுமுணுப்பேன்.

வருடம் முடியப்போகிறது. எங்களோடு தொடர்ந்து இருக்கச் சம்மதமா என்று வியாழக்கிழமை கமிட்டி அவளையே கேட்கும். அதற்கு முந்தைய சனிக்கிழமை வகுப்பின் கடைசியில் எல்லாரும் மல்லாந்து படுத்தபோது, ராமலட்சுமி சுவரை விட்டு நகர்ந்து வந்து தானும் படுத்தாள். திறந்திருந்த கதவு வழியே எட்டிப் பார்த்தேன். அப்புறம்தான் கவனித்தேன், தலை வடக்கே.

எங்கள் வீட்டில் விருந்தாளியைக்கூட அப்படிப் படுக்க விடமாட்டோம். யோசிக்கவே இல்லை, உள்ளே ஓடினேன். "வடக்க தல வெச்சுப் படுக்காத கண்ணு" என்று இரண்டு தோளையும் பிடித்துத் திருப்பினேன்.

அவள் கத்தவில்லை. அடுத்த நொடி மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு நடுங்கினாள். பின்சி தள்ளியே தரையில் உட்கார்ந்து, "கதவு தெறந்துதான் இருக்கு, ராமலட்சுமி. பாதம் தரையில படுதான்னு பாரு" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

வீட்டுக்கு வந்தும் அவள் சுவரோடு ஒட்டியே உட்கார்ந்திருந்தாள். "அவசரப்பட்டுக் கெடுத்துட்டியே" என்றார் என் வீட்டுக்காரர் பூபதிராஜா. மறுநாள் அவள் அறை வாசலிலேயே நின்றுகொண்டு, "நான் பண்ணுனது தப்பு கண்ணு. இனிமே உன்னையக் கேக்காமத் தொட மாட்டேன்" என்றேன். ஆயுளில் நான் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்டதில்லை. 

வியாழக்கிழமை அவளைத் தனியாக உள்ளே அழைத்துப் பேசினார்கள். யோசிக்க ஒருநாள் கேட்டிருக்கிறாள், நாளை போனில் சொன்னால் போதும் என்று அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் வரும்போதே அவள் துணிமணிகளை மனதுக்குள் மூட்டை கட்டிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தால், அவள் பாயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"அத்தை, இந்த வீட்டுல வடக்கு எங்கிட்டு இருக்கு?"

மாட்டுக்கொட்டகைப் பக்கம் கை காட்டினேன். அவள் பாயைக் கிழக்கும் மேற்குமாக விரித்தாள்.

"கிழக்க தல வச்சா சரிதான?"

"சரிதான் கண்ணு."

"கதவச் சாத்தாதீக. நாளைக்குப் போன்ல, நான் இங்கனயே இருக்கேன்னு சொல்லிருங்க."

படுத்தாள். கொஞ்ச நேரம் உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண் மூடியது, மூச்சு சீராக வந்தது. அப்பாடா என்று நானும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். குழம்பு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது. வளையல் சத்தத்தில் விழித்துவிடுவாளோ என்று நான் எழுந்திருக்கவில்லை.