அறுநூறு பேரும் எட்டு கிலோமீட்டரும்

அந்த ஊரில் ஒருவர் ஊரைவிட்டுப் போனாலும் உலகைவிட்டுப் போனாலும் நெடுஞ்சாலைக்குச் செல்லும் பாதை இருபது மீட்டர் நீளும். ஒருவர் பிறந்தாலோ குடிவந்தாலோ அதே இருபது மீட்டர் சுருங்கும். ஆயிரம் பேர் இருந்த காலத்தில் நெடுஞ்சாலை கடைசி வீட்டை ஒட்டியே ஓடியது. மில் மூடிய வருடம் முந்நூறு பேர் கிளம்பினார்கள், பாதை ஆறு கிலோமீட்டர் ஆனது. அதற்காக யாருடைய வயலும் கூடவில்லை, குறையவில்லை. பாதை மட்டும் எங்காவது ஒரு வளைவைச் சேர்த்துக்கொள்ளும். வீட்டில் பிள்ளை பிறந்தால் முதலில் பஸ் ஓட்டுநருக்குத்தான் சொல்லியனுப்புவார்கள். மேலும் நூறு பேர் போய், ஊரில் சரியாக அறுநூறு பேர் மிஞ்சியபோது போக்குவரத்து அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பாதை எட்டு கிலோமீட்டரைத் தாண்டினால் பஸ் கிடையாது. மாதக் கடைசி வெள்ளியன்று அளக்க வருவார்கள். கடிதம் வந்த அன்று பாதை எட்டு கிலோமீட்டர், ஒரு அடி கூடுதலில்லை.

சைக்கிள் கடைக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. செவ்வாயும் வெள்ளியும் அந்த பஸ்ஸில் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தால்தான் அடுத்த வாரம் உண்டு. கூட்டிப்போவது மகள். கடையில் பஞ்சர் ஒட்டுவதும் அவள்தான். டிக்கெட்டுக்கு அவள் நீட்டும் நோட்டில் எப்போதும் கரி இருக்கும். மூன்று வருடமாக அந்தக் கரி நோட்டுகளை வாங்கிக்கொண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்த கண்டக்டர் அவளைப் பெண் கேட்டார். அவள் சரி என்றாள். கல்யாணம் அதே கடைசி வெள்ளிக்கு முந்தின நாள் என்று முடிவானது. கண்டக்டரின் வீடு டவுனில்.

தேதி குறித்த பிறகுதான் எல்லோருக்கும் கணக்கு உறைத்தது. அவள் போனால் ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர்.

"நீ போ கண்ணு. என்னப் பத்தி யோசிக்காத," என்றார் கடைக்காரர்.

"போனா பஸ் நிக்கும். பஸ் நின்னா நீங்க?"

"நான் போயிட்டாலும் பஸ் நிக்கும். நிம்மதியா சாகக்கூட விடாத ஊரும்மா இது," என்று சொல்லிச் சிரித்தார்.

கூட இருந்த மகளின் அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. "ஊருக்கு பஸ் ஓடணும்னு இவள காலம்பூரா பஞ்சர் ஒட்ட விடுவீங்களா? பேசாம எவளாச்சும் ரெட்டப் புள்ள பெத்துக்குடுங்க!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினாள். அந்த மாதம் தெருவில் யாரும் கர்ப்பமாக இல்லை.

அடுத்த செவ்வாய் பஸ்ஸில் மகள் கண்டக்டரிடம் டிக்கெட் வாங்கிக்கொண்டே சொன்னாள். "நான் அங்க வரமாட்டேன். நீங்க இங்க வாங்க."

"வீட்டோட மாப்பிள்ளையாவா? எங்கம்மா என்னக் கொன்னுடுவாங்க."

"உங்க பஸ் காலைல எங்கேர்ந்து கிளம்புது?"

"உங்க ஊர்லேர்ந்து."

"அப்ப வீடு எங்க இருக்கணும்?"

கண்டக்டர் விசில் ஊத மறந்ததால் அடுத்த நிறுத்தத்தில் பஸ் நிற்கவில்லை. இறங்கவேண்டிய நான்கு பேரும் கோபித்துக்கொள்ளவில்லை. பதிலைக் கேட்டுவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருந்தார்கள். "சரி," என்றார் அவர்.

கல்யாணம் முடிந்த மறுநாள் காலை அதிகாரி அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு நடந்து வந்தார். கண்டக்டர் தன் தகரப் பெட்டியோடு முந்தின இரவே குடிவந்திருந்தார். சக்கரம் ஏழு கிலோமீட்டர் தொள்ளாயிரத்து அறுபது மீட்டர் காட்டியது. தொள்ளாயிரத்து எண்பதுதானே வரவேண்டும் என்று ஊரே விரல்விட்டு எண்ணியது. கண்டக்டரின் அம்மா, மகனைத் திட்டிவிட்டுப் போகத்தான் வந்ததாகச் சொல்லிக்கொண்டு, சைக்கிள் கடை அடுப்படியில் தன் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பஸ் ஓடுகிறது. கடைக்காரர் செவ்வாயும் வெள்ளியும் போய் வருகிறார். மாதம் ஒருமுறை சம்பந்தியம்மாளுக்குக் கோபம் வந்து பெட்டியைக் கையில் எடுப்பாள். அந்த நாட்களில் ஓட்டுநர் இருபது மீட்டருக்கான டீசலைக் கூடுதலாக ஊற்றிக்கொள்வார். இதுவரை அது மிச்சமாகத்தான் இருக்கிறது.