கருவில்லாத கல்

அப்பாவின் முதுகுக்குக் கைகொடுத்து நிமிர்த்திக்கொண்டிருந்தபோது வென்ச்சியின் பையில் போன் அதிர்ந்தது. எடுக்க முடியவில்லை, இரண்டு கையும் அவருக்கு வேண்டியிருந்தது. அம்மா ஓடிவந்து தலையணையைச் செருகினாள். உட்கார்ந்தால் கொஞ்சம் மூச்சு வரும். படுத்தால் அதுவும் இல்லை. ஐந்து நாளாக அப்பா லுவோ தியான்யூ படுக்கவே இல்லை.

ஆய்வுக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் கல் உடைத்தவர். அன்ஷான் மலைகளிலிருந்து பேராசிரியர்கள் கொண்டுவரும் கருங்கல்லை மாவாக அரைத்து, கழுவி, உப்பைவிடச் சிறிய, சிர்கான் என்னும் கனிம மணிகளைப் பிரித்துத் தருவார். கல்லின் வயது அந்த மணிக்குள் இருக்கிறது. பெய்ஜிங்கில் பார்த்துச் சொல்வார்கள். பறந்த தூசெல்லாம் அவர் நெஞ்சில் தங்கிவிட்டது. வென்ச்சிக்கும் அங்கேதான் வேலை, நுண்ணோக்கியில் மணி பொறுக்குவது.

ஊருக்குப் பின்னால் செந்நிறக் கிரானைட் முகடு ஒன்று உண்டு. யாரும் அதைச் சீண்டுவதில்லை. அப்பாவுக்கு மட்டும் அதன்மேல் பைத்தியம்.

"இது புதுக் கல்லு இல்லடி. கடல்தரைக் கறுப்புப் பாறை உள்ள போய் உருகி, அதுல லேசானது மேல வந்து உறைஞ்சதே, அதான் முதல் நிலம். அந்த நிலம் மறுபடி உருகித்தான் இது வந்திருக்கு. மணியை வெட்டிப் பாரு, நடுவுல பழசு கருவா உக்காந்திருக்கும். முந்நூத்தி எம்பது கோடி வருஷம்!"

"லுவோ, நீ உடை. யோசிக்க நாங்க இருக்கோம்" என்றார் ஒரு பேராசிரியர். அதை வீட்டில் சொல்லி அப்பாவும் சிரித்தார். அன்று சாப்பிடவில்லை. போன மாதம் வென்ச்சி யாரையும் கேட்காமல் அந்தக் கல்லின் முப்பத்தொரு மணிகளை மற்றவற்றோடு பெய்ஜிங்குக்கு அனுப்பிவிட்டாள்.

அடுப்படிக்குப் போய் செய்தியைப் பார்த்தாள். முப்பத்தொன்றும் இருநூற்றைம்பது கோடி வருஷம்தான். ஒன்றில்கூடக் கரு இல்லை.

தினைக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்த அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள்.

"நல்லதாவே சொல்லிடு. போற மனுஷன். உனக்கென்ன கொறஞ்சிடும்?"

சொல்லிவிடலாம் என்றுதான் போனாள்.

"வந்துருச்சா? எவ்ளோ?" என்றார் அப்பா.

வாய் வரவில்லை. மணி விஷயத்தில் பொய் சொல்லக் கூடாதென்று அவளுக்குப் பழக்கியவரே அவர்தான்.

"இருநூத்தி அம்பது."

"எல்லாமா?"

"எல்லாம்."

"கரு?"

"இல்லப்பா."

"சரியா வெட்டினாங்களா?" என்றார்.

"சரியாத்தான் வெட்டியிருக்காங்க."

"அப்ப வெறும் கல்லு."

பிறகு கஞ்சிக்கு வாய் திறக்கவில்லை. பிற்பகல் இரண்டு மணிக்கு, அவள் தோளில் சாய்ந்தபடியே மூச்சு நின்றது.

"உள்ளதைச் சொல்லிட்டியா?" என்றாள் அம்மா.

"சொல்லிட்டேன்."

அதற்குப் பிறகு அம்மா அவளை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. எரியூட்டிவிட்டு வந்த மூன்றாம் நாளும் பேசவில்லை.

அன்று முற்பகல் மாடிப்படியில் இருமல் கேட்டது. வீடு ஆறாவது மாடி, லிஃப்ட் கிடையாது. வென்ச்சி இறங்கிப் போனாள். அப்பாவோடு பக்கத்து எந்திரத்தில் கல் அரைத்த குவான், நான்காவது மாடிப் படியில் உட்கார்ந்திருந்தார். சட்டையில் துக்கத்துக்குக் குத்தும் வெள்ளைக் காகிதப் பூ.

"இன்னும் ரெண்டு மாடியா?"

"ஆமா சித்தப்பா."

"கஞ்சப் பய. அவன் சாராயத்தைக் குடிக்க நான் வந்துருவேன்னுதான் இம்புட்டு ஒசரத்துல வீடு புடிச்சான்."

சிரிப்பு இருமலாகி, அடங்க நேரமாயிற்று. உதடு நீலம் பாரித்திருந்தது; அவர் நெஞ்சிலும் அதே தூசு.

"கடைசில ரொம்பத் தவிச்சானா?"

"இல்ல சித்தப்பா. படுத்து, தூங்குற மாதிரியே போயிட்டாரு."

"படுத்தா?"

"படுத்துதான்."

குவான் அவளையே பார்த்தார். பிறகு பூவைக் கழற்றி அவள் கையில் வைத்தார்.

"நீயே மேல அவன் படத்துக்கிட்ட வச்சிடும்மா."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தக் கை நின்றது, பிறகு நகர்ந்தது. கடைசியில் கீழ்க்கதவு திறந்தது. வெளிக்குளிர் நான்காவது மாடிவரை ஏறிவந்தது.