மலைப் பக்கத்துக் கோல்

இந்தக் காலத்து மனிதர்களுக்குத் தம் பாட்டைப் பார்த்துக்கொண்டு போகத் தெரியாது என்பது இருளப்பனின் தீர்ந்த முடிவு. தோட்டத்துக் கால்பந்து மைதானத்தின் மலைப் பக்கக் கோலுக்குள் ஒன்பது வருடமாக ஒரு பந்தும் நுழையவில்லை. சரி, நுழையவில்லை. அதற்காகத் தெஹியோவிட்ட டவுனிலிருந்து ஆட்டோ பிடித்து வந்து, வெறும் கம்பத்தோடு நின்று பல்லைக் காட்டிப் படம் எடுக்க என்ன இருக்கிறது? கோயில் வாசலில் செருப்பைக் கழற்ற யோசிக்கிறவன்கூட அந்தக் கோலுக்கு முன்னால் கழற்றினான். இருளப்பன் ஐம்பது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். பட்டையைச் சீவினால் பால் வரும், சீவாவிட்டால் வராது, இதற்கு மேல் உலகத்தில் நம்புவதற்கு ஒன்றுமில்லை என்று நினைப்பவர். எல்லாரும் சுற்றிப் போகும் அந்தக் கோலுக்குள் அவர் மட்டும் விறகுக் கட்டோடு நடுவே புகுந்து நேராகப் போவார். ஒன்றுமில்லை என்று ஊருக்குக் காட்டத்தான்.

பந்து கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் அந்தரத்தில் நின்று, பிறகு மெதுவாகத் தரைக்கு இறங்கும். ஓடிப்போய் எடுத்தால் அதில் இரண்டு உள்ளங்கைகளின் அடையாளம் ரப்பர் பாலில் ஈரமாக இருக்கும். வெயிலில் வைத்தால் கொஞ்ச நேரத்தில் காய்ந்து மெல்லிய தோலாக உரிந்து வரும். வலது கையில் சுண்டுவிரல் பாதிதான். இருளப்பனின் மகன் தனுஷனுக்கும் அப்படித்தான். பிந்திப் பிறந்த ஒரே பிள்ளை, பன்னிரண்டு வயதில் அப்பாவோடு பால் வெட்டப் போய்க் கத்திக்கு விரலைக் கொடுத்தவன். கோல் காப்பவர்களின் கையுறையை அவன் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தான். ஆட்டத்துக்கு முன் இரண்டு உள்ளங்கையிலும் பாலைத் தடவி ஊதிக் காயவைத்துக்கொள்வான், வந்த பந்து ஒட்டிக்கொண்டு நிற்கும். அவன் அம்மா மருதாயிக்குச் சந்தேகமே இல்லை. வெள்ளிக்கிழமைகளில் கம்பத்தடியில் ஒரு கோப்பை பிளேன்டீ வைத்துவிட்டு வருவாள். இருளப்பன் ஒப்புக்கொள்ளவில்லை. "பாதி வெரலு இல்லாதவன் இந்தத் தோட்டத்துல அவன் ஒருத்தன்தானா? பால் கையி இல்லாதவன் யாரு? ஒங்களுக்கெல்லாம் புத்தி பெரண்டு பிஸ்ஸு புடிச்சிருச்சு."

ஒன்பது வருடத்துக்கு முன்னால், தனுஷனுக்குப் பதினேழு வயதாக இருந்தபோது, கொழும்பில் இளையோர் அணிக்கு ஆள் பார்க்கிறோம், நான்கு நாள் வந்து தங்க வேண்டும் என்று ஒரு தாள் வந்தது. தகப்பன் கைநாட்டு வேண்டும் என்றார்கள். இருளப்பன் மறுத்துவிட்டார். அவருடைய அண்ணன் ஒரு தாளில் கைநாட்டு வைத்தார், கப்பலில் ஏற்றி ராமேஸ்வரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பன் ஒரு தாளில் வைத்தார், வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பரா வேறொருவனுக்குப் போனது. தாள் என்றால் அது எதையாவது கொண்டு போகத்தான் வருகிறது. பையன் இரண்டு நாள் கெஞ்சினான், மூன்றாம் நாள் பேச்சை நிறுத்தினான். கொழும்பில் ஆள் பார்த்த அந்த வியாழக்கிழமை அவன் கோபத்தில் கதவைச் சாத்திக்கொண்டு காம்பராவில் படுத்திருந்தான். மருதாயியின் காலைக் காட்ட அவளும் இருளப்பனும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த நேரம் மேல் மலை அவிழ்ந்து லயத்தின் மீது வந்து உட்கார்ந்தது. ஆறு உடல்கள் கிடைத்தன. தனுஷன் கிடைக்கவில்லை. மரணச் சான்றிதழுக்குக் கிராம சேவகர் கொண்டுவந்த தாளிலும் இருளப்பன் கைநாட்டு வைக்கவில்லை. வந்த மண்ணை அப்புறப்படுத்த முடியாமல் அப்படியே நிரவி மைதானமாக்கினார்கள். மலைப் பக்கக் கோலை நட்ட இடத்தில்தான் இருளப்பனின் நாலாம் நம்பர் காம்பரா இருந்தது. இது எல்லாருக்கும் தெரியும், அதனால் யாரும் சொல்வதில்லை.

இந்த வருடம் தெற்காசியக் கிண்ணம் நெருங்கியபோது நாட்டு அணியின் நிலைமை சரியில்லை. பேப்பர்கள் அணிக்கு ஒரு வாய்ப்பும் இல்லை என்று எழுதின, ரேடியோவில் பேசியவர்கள் அதையே நீட்டிச் சொன்னார்கள். அப்படியிருக்க, ஒரு செவ்வாய்க்கிழமை, பயிற்சியாளர் ஷிஹாப் அணியை ஒரு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்கே வந்து சேர்ந்தார். தோட்டத் தலைவர் சுரேந்திரன் மாலையும் பேனருமாக ஓடினார். வீரர்கள் மூன்று நாளில் மலைப் பக்கக் கோலை நோக்கி அறுநூற்றுப் பன்னிரண்டு பந்து அடித்தார்கள். ஒன்றும் நுழையவில்லை. யாருமே நிற்காத ஆற்றுப் பக்கக் கோலுக்கு அடித்ததிலும் பாதிக்கு மேல் வெளியேதான் போயிற்று. ஷிஹாப் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டே இருந்தார். வரப்பில் வெற்றிலை மென்றபடி உட்கார்ந்திருந்த கிழவரிடம், டீம் எப்படி என்று பேச்சுக்குக் கேட்டார்.

"ஒம்பதாம் நம்பர்காரன் பந்த அடிச்சிட்டு மொதல்ல தலைமயிரத் தடவுறான். அதுக்கப்பறந்தான் பந்து எங்க போச்சுன்னு பாக்குறான்" என்றார் இருளப்பன். "நடுவுல ஓடுற ரெண்டு பேரும் சோறு தின்ன மாடு கணக்கா மூச்சு வாங்குறானுங்க. பின்னால நிக்கிறவனுங்க பந்து வந்தா ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாக்குறானுங்க, சாவு வீட்டுல பாடை தூக்க ஆளு தேடுற மாதிரி. நல்லா தோப்பீங்க."

ஷிஹாப் கொப்பியைப் பார்த்தார். அவர் எழுதியிருந்ததும் அதுதான், வார்த்தைகள்தான் கொஞ்சம் மரியாதையாக இருந்தன. "ஐயா, எங்களுக்குக் கோல் அடிக்க ஏலாது, அது உண்மை. ஆனா எங்களுக்கு ஒருத்தனும் அடிக்காமப் பாத்துக்கொண்டா?"

அதற்கு இந்தக் கம்பங்களைப் பிடுங்கிக் கொழும்புக்குக் கொண்டுபோய் நடலாம் என்பது சுரேந்திரனின் யோசனை. லொறிகூடச் சொல்லிவைத்திருந்தார். இருளப்பன் வெற்றிலையைத் துப்பினார். "ஏய்யா தலைவரே, பாதி ஆட்டத்துல பக்கம் மாறுவானுகல்ல? அப்பறம் எதிராளிக்குத்தான கோல் காப்பான்?" லொறி திரும்பிப் போயிற்று. கம்பத்தால் பயனில்லை, ஆள்தான் வரவேண்டும் என்று ஷிஹாப் அன்றே கொழும்போடு ஃபோனில் பேசி ஏற்பாடு செய்தார். அரசாங்கப் புத்தகத்தில் தனுஷன் சாகவில்லை, ஆகவே பதிவதற்குத் தடையில்லை. காணாமல் போனபோது பதினேழு வயது, அதற்குப் பிறகு வயது ஏறியதற்கு ஆதாரம் இல்லை, ஆகவே பதினேழுதான் என்று கால்பந்துச் சங்கத்தில் முடிவானது. பதினேழு என்றால் தகப்பனின் கைநாட்டு வேண்டும். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் தாள் வந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் வந்த தாளைப் போலவே நீல நிறம்.

இருளப்பன் அதைத் தொடவில்லை. அன்றைக்கு இதே போன்ற தாளில் பெருவிரலை வைத்திருந்தால் வியாழக்கிழமை பையன் கொழும்பில் இருந்திருப்பான். ஒன்பது வருடமாக அவர் தினமும் சென்று முட்டிய சுவர் அதுதான். இப்போது கைநாட்டு வைத்தால், அந்தக் கோலில் நிற்பது தனுஷன் என்று தன் கையாலேயே சொன்னதாகிவிடும். அவன் நிற்கிறான் என்றால், அவன் அங்கே நிற்பதற்குக் காரணம் யார் என்பதையும் சொன்னதாகிவிடும்.

மருதாயி இத்தனை வருடத்தில் ஒரு நாளும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அன்று எடுத்தாள். "இந்தாங்க. ஒருக்கா கேட்டான், நீங்க குடுக்கல. இப்ப ரெண்டாவது வாட்டி கேக்குறான்."

"அவன் எங்க கேட்டான்? இந்தக் கோச்சு ஐயாதான கேக்குறாரு."

"அவன் பேசுறத நிறுத்தி ஒம்பது வருசமாச்சு. வேற எப்புடிக் கேப்பான்?"

இருளப்பன் எழுந்து மைதானத்துக்குள் இறங்கினார். அவர் ஆயுளில் பந்தைத் தொட்டவரில்லை. "எல்லாரும் தள்ளிக்கங்க. இது என் புள்ளைன்னா நான் அடிக்கிறதப் புடிக்கட்டும். புடிச்சான்னா கைநாட்டு வக்கிறேன். புடிக்கலன்னா தாளச் சுருட்டிக்கிட்டு எல்லாரும் போய்ச் சேரணும்." பத்து எட்டுத் தூரத்தில் பந்தை வைத்து வெறுங்காலால் ஒரு தள்ளு தள்ளினார். சாய்ந்த வாளியிலிருந்து பால் ஓடுவதுபோல அது மெதுவாக உருண்டது, நடுவில் ஒரு புல் மேட்டில் தட்டி யோசித்தது, பிறகு கோட்டைக் கடந்து கோலுக்குள் போய் நின்றது. ஒன்பது வருடத்தில் முதல் கோல். கை தட்டுவதா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. சுரேந்திரன் பேனரைச் சுருட்டத் தொடங்கினார். ஷிஹாப் கொப்பியை மூடினார்.

மருதாயி மட்டும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள். "அப்பனுக்கு விட்டுக் குடுத்துட்டான்" என்றாள்.

இருளப்பன் கோலுக்குள் போய்க் குனிந்து பந்தை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு விரல் அடையாளம்கூட இல்லை. உள்ளே நெடுநேரம் நின்றார், யாருக்கோ வழிவிட்டு நிற்பவர்போல ஒரு பக்கமாக ஒதுங்கி. பிறகு வந்து, பந்தைக் கீழே போட்டு, மைப் பெட்டியை வாங்கி, அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்காமலே பெருவிரலை அழுத்தினார்.

"கெழவன் உருட்டிவிட்ட பந்தையே புடிக்கத் தெரியாதவன்" என்றார். "இவன நம்பியா போறீங்க? ஒங்க டீமு உருப்படாது."

தனுஷனின் பெயர் பட்டியலில் இருபத்துநான்காவதாக ஏறியது. பஸ்ஸில் சாரதிக்குப் பின்னால் ஒரு இருக்கையைக் காலியாக விட்டார்கள். மருதாயி ஒரு போத்தலில் ரப்பர் பால் நிறைத்து, உறையாமலிருக்க இரண்டு துளி அமோனியா விட்டு, அந்த இருக்கையில் வைத்தாள். அதற்கடுத்த கிழமை ஷிஹாப் கொழும்பிலிருந்து ஃபோனில் கூப்பிட்டார். பயிற்சி ஆட்டங்களில் எந்தப் பக்கம் மாறி நின்றாலும் எங்கட கோலுக்குள் பந்து வரவில்லை, போத்தல் முக்கால்வாசி குறைந்துவிட்டது, இன்னொன்று அனுப்ப முடியுமா என்று கேட்டார். பேப்பர்கள் பேச்சை மாற்றின. அணி ஜெயிக்கும் என்று சொல்வதற்கில்லை, ஆனால் தோற்க வழியில்லை என்று எழுதின. தோட்டத்தில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலைப் பக்கக் கோலுக்குள் பதினேழு பந்து விழுந்தது, சாதாரணக் கோலில் விழுவதைப்போல. படம் எடுக்க யாரும் வரவில்லை. பால் வெட்டும் பெண்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இப்போது கம்பங்களுக்கு நடுவே குறுக்காக நடந்து போகிறார்கள்.

சுரேந்திரன் அதைக் காட்டி, "பாத்தீங்களா மாமா, ஒங்க மகன் கொழும்புல நிக்கிறான்" என்றார்.

"யாரு பாத்தா?" என்றார் இருளப்பன். "கம்பம் சாஞ்சிருச்சு, அதான் பந்து விழுது." விறகுக் கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தார். கோலுக்கு அருகில் வந்ததும் வேகத்தைக் குறைத்தார். இத்தனை வருடமாக நடுவே புகுந்து போனவர், அன்று கம்பத்தைத் தொடாமல், வெளியே ஒதுங்கி, ஈரச் சேற்றில் கால் புதையச் சுற்றிக்கொண்டு போனார்.