ஊசி தொடக் கூடாதவர்

அடுத்த அறையின் திரை வளையங்கள் கம்பியில் சரசரவென்று ஓடிய சத்தத்திலேயே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது: கணவர் யாருக்கோ ஊசி போடப் போகிறார். அவள் முன்னால், மூட்டு வலிக்கு அக்குபஞ்சர் போட்டுக்கொள்ள வந்த தையல்காரம்மா முழங்காலை நீட்டிப் படுத்திருந்தாள். கடைசி ஊசி இன்னும் இவள் விரலிடுக்கில் இருந்தது. அதைப் போட்டு முடித்துவிட்டுப் போய்த் தடுத்திருக்கலாம். போட்டு முடித்தும் போகவில்லை.

வந்திருப்பவர் பஸ் டிரைவர். நெடுநெடுவென்று ஒல்லியான ஆள். வருஷக்கணக்காக அவள் கணவரிடம் ஊசி போட்டுக்கொள்பவர். "அண்ணன் கை பட்டாத்தான் என் கழுத்து திரும்புது" என்று பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லி ஆள் அனுப்பியவர். தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கியவர்கள்தான் இனி அக்குபஞ்சர் ஊசியைத் தொடலாம் என்று அரசாங்கம் சட்டம் போட்டிருப்பது அவருக்கும் தெரியும். தெரிந்துதான் வருகிறார்.

தேர்வுக்குக் கணவனும் மனைவியும் ஒன்றாகத்தான் போனார்கள். எழுத்துத் தேர்வில் அவருக்கு அவளைவிட அதிக மார்க். செய்முறையில் கவிழ்ந்துவிட்டார். தோளில் இவ்வளவு ஆழம் கூடாது என்று தேர்வாளர் சொன்னதற்கு, "நீங்க பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடியே நான் இப்படித்தான் போட்டுட்டிருந்தேன்" என்று வாயைக் கொடுத்தார். வீடு வரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவள் பெயரில் மட்டும்தான் லைசென்ஸ் வரும் என்று மறுநாள் உறைத்தபோது சிரிப்பு நின்றது.

அதிலிருந்து அவருக்குப் போன் எடுக்கும் வேலை, துண்டு மடிக்கும் வேலை. மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடிப்பார். நாற்காலிகளை ஜன்னலோரம் நகர்த்துவார், பிறகு சுவரோரம். "ஒரு எடத்துல உக்காருங்களேன், எனக்குத் தலை சுத்துது" என்றால், "உக்காந்தா இன்னும் மோசமா இருக்கு" என்பார். இரவில் புரண்டு புரண்டு படுப்பார். அவளும் தூங்குகிற மாதிரி படுத்திருப்பாள். இப்போது திரைக்கு அந்தப் பக்கமிருந்து, "மூச்ச இழுத்து மெதுவா விடுங்க தம்பி" என்று அவருடைய பழைய குரல் கேட்டது. அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! எழுந்துபோய் அதை நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. இந்த ஒரு தடவை, இவர் ஒருத்தருக்கு மட்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

தையல்காரம்மா போன பிறகு டிரைவர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். ஒரு கையால் விலாவைப் பிடித்திருந்தார்.

"அண்ணி, நல்லாத் தூங்கிட்டேன். எழுந்ததுலேர்ந்து மூச்ச இழுத்தா குத்துது."

"தசைப் பிடிப்புதான். வெந்நீர் ஒத்தடம் குடுத்தா விட்டுடும்" என்றார் கணவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

டிரைவர் இருமினார். பாதிப் பேச்சில் நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்கினார். கழுத்து வலிக்குக் கணவர் போடுவது தோளின் மேல்பகுதியில். அங்கே, அதுவும் ஒல்லியான உடம்பில், ஊசி கொஞ்சம் ஆழம் போனாலும் நுரையீரலைத் தொட்டுவிடும். தேர்வுக்காக அவள் படித்தது, அவரும் பக்கத்தில் உட்கார்ந்து படித்ததுதான்.

"காரை எடுங்க" என்றாள்.

வழியில் ஒரு சிக்னலையும் கணவர் சரியாகப் பார்க்கவில்லை. கியர் மாறும்போதெல்லாம் வண்டி உதறியது. "அண்ணே, கிளட்ச்ச முழுசா மிதிங்க" என்று பின்சீட்டிலிருந்து டிரைவர் முனகினார். கணவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீ போட்டதா சொல்லிடு. உன்கிட்ட லைசென்ஸ் இருக்கு, தவறுதலா நடந்துடுச்சுன்னு விட்டுடுவாங்க. நான்னு தெரிஞ்சா போலீஸ் கேஸு."

அவள் திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தாள்.

"நானும் அப்படியே சொல்லிடறேன் அண்ணி" என்றார் டிரைவர். வலியிலும் அந்த மனுஷனுக்கு இவர்களைப் பற்றிக் கவலை. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கூடவே கோபமும். யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அவசரப் பிரிவில் டிரைவர் மூக்கில் ஆக்சிஜன் மாட்டி, எக்ஸ்ரே எடுக்கத் தள்ளிக்கொண்டு போனார்கள். கணவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். சின்ன வயது டாக்டரம்மா இவள் பக்கம் திரும்பினாள்.

"ஊசி போட்டது நீங்களா?"

"ஆமா." சட்டென்று வந்துவிட்டது.

"ஒரு பக்கத் தோள்லயா, ரெண்டு பக்கமுமா?"

அவள் ஏதாவது ஒன்றைச் சொல்லலாம். பாதிக்குப் பாதி சரியாகவும் இருக்கலாம்.

"சொல்லுங்கம்மா. அவரு தூங்கிட்டேங்கறாரு. ரெண்டு பக்க நுரையீரலும் குத்துப்பட்டிருந்தா எக்ஸ்ரே வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது."

"எனக்குத் தெரியாது" என்றாள். "நான் போடல டாக்டர். போட்டவரு வெளில நிக்கறாரு."

டாக்டரம்மா அவளை ஒரு கணம் பார்த்தாள். "வரச் சொல்லுங்க, சீக்கிரம்."

வெளியே கணவர் சுவரோடு சுவராக முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தார்.

"ரெண்டு தோள்லயும் போட்டீங்களான்னு கேக்கறாங்க."

"போட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

அவருக்கு அப்போதுதான் புரிந்தது. நடை நின்றது. வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். கார் சாவி கையிலேயே இருந்தது. அவள் அவரைத் தொடவில்லை, கூப்பிடவும் இல்லை. சாவியை அவள் கையில் வைத்துவிட்டு, சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு, கதவைத் தள்ளி உள்ளே போனார்.

கதவு மூடிக்கொண்டதும் பேச்சு எதுவும் கேட்கவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தாள். டாக்டரம்மா ஏதோ கேட்டாள். அவர் விரலைத் தன் வலது தோளின் மேல் வைத்துக் காட்டினார். டாக்டரம்மா மறுபடி ஏதோ கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அந்தக் கை மெல்ல எழுந்து, மார்பைக் கடந்து, இடது தோளுக்குப் போனது.