ரேஞ்ச் சொன்ன நோ கோ

“அது ஜோக்குன்னு நீங்கதானே ஆன்ட்டி முதல்ல சிரிச்சீங்க...”

“நான் எங்கடி சிரிச்சேன், குரூப்புல சிரிக்கிற பொம்மை ஒண்ணு போட்டேன், நீதான்...”

“பொம்மை போட்டா சிரிச்ச மாதிரிதானே! நான் வேற என்ன நினைக்கிறது?”

“நீ நினைக்கவே இல்ல. ‘ரேஞ்ச் தூங்கிட்டார், அவர் ஓட்டு செல்லாது’ன்னு எழுதினே. எழுதினியா இல்லியா?”

“அரே அம்மா, சண்டை அப்புறம்!” என்றார் ஆட்டோக்காரர். “லெஃப்டா, ரைட்டா? அட்ரஸ் என்னா?”

“அட்ரஸ் இல்ல பாய்,” என்றாள் காஞ்சனா. “நேரா போங்க.”

இந்தக் காலைக்கு முன் அவர்கள் இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. காஞ்சனா மாரெட்பள்ளிக்காரி, ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தாரிணி கச்சிபௌலி ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். ராக்கெட்டும் போர் விமானமும் பிடித்தவர்கள் சேர்ந்த வாட்ஸ்அப் குழுதான் அவர்களுக்குப் பழக்கம். பாதிப் பேர் வீட்டில் யாராவது ராணுவ வேலையில் இருந்ததால் பெயர், விலாசம் எதுவும் கூடாதென்று விதி. ஆளுக்கொரு கட்டுப்பாட்டு அறை நாற்காலி, அதுதான் பெயர். காஞ்சனா, வெதர். தாரிணி, என்ஜின். இப்போது அவர்கள் தேடிப் போகிற, அல்வாலில் எங்கேயோ இருந்த பெரியவர், ரேஞ்ச்.

ஒவ்வொரு ராக்கெட்டுக்கும் முன்னால், நிஜமான கட்டுப்பாட்டு அறையில் கேட்பதுபோல, நாற்காலி நாற்காலியாகக் கேட்பார்கள். கிளம்பலாம் என்றால் ‘கோ’ என்று எழுத வேண்டும். ஒருவர் ‘நோ கோ’ என்றாலும் ஆட்டம் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கோ எழுதினார்கள். ரேஞ்ச் மட்டும், ‘நோ கோ. இனிமே என்னால முடியாது’ என்று எழுதினார். சிரிப்புப் பொம்மைகள் குவிந்தன. நிஜ ராக்கெட் அதன்பாட்டுக்குக் கிளம்பிப் போயிற்று. அதன்பிறகு அவர் போன் அணைந்தே கிடந்தது. நேற்று யாரோ ஒரு விமானச் சத்தத்தைப் பதிந்து போட்டார்கள். சத்தத்தைக் கேட்டதும் விமானத்தின் பெயரைச் சொல்லிவிடுகிற மனிதர் பதிலே சொல்லாதபோதுதான், அவர் எழுதியது ஜோக் இல்லை என்று காஞ்சனாவுக்கு உறைத்தது.

“போலீஸ்ல என்னதான் சொன்னாங்க?”

“பேரு கேட்டாங்க. ரேஞ்ச்னு சொன்னேன். வீடு கேட்டாங்க. அல்வால்ல ஒரு மொட்டை மாடின்னு சொன்னேன். போன் நம்பரைக் காட்டினேன், சொந்தக்காரங்க வந்து புகார் குடுத்தாதான் தேடுவோம்னு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டாங்க.”

“ஒரு தடவை அவரே சொல்ல வந்தாரே ஆன்ட்டி. ‘வீட்டுக்காரி போய் வருஷம் ஆச்சு, தனியா சாப்பிட முடியல, எல்லாரும் ஒரு நாள் வாங்க, அட்ரஸ் போடறேன்’னு. ‘விதின்னா விதிதான்’னு அழிச்சது யாரு?”

காஞ்சனா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். போனில் அவர் அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். எல்லாம் பக்கத்து விமானப்படைத் தளத்தில் இறங்குகிற பயிற்சி விமானங்கள். எல்லாவற்றிலும் கீழ் மூலையில் ஒரு நீலத் தண்ணீர் டேங்க், வளைந்த ஏணியோடு.

“இங்க பாரு. காலையில எடுத்த படம் எல்லாத்துலயும் மூக்குல வெயில். கிழக்கப் பாத்து இறங்குது. சக்கரத்தை வேற இறக்கிடுச்சு. அந்த வழிக்குக் கீழதான் வீடு.”

“அந்த வழிக்குக் கீழ ஆயிரம் டேங்க் இருக்கும்.”

“ஆயிரமும் பாப்போம்.”

அப்போது தலைக்கு மேல் சத்தம் கேட்டது. ஒருத்தி இந்தப் பக்கமும் ஒருத்தி அந்தப் பக்கமும் ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டினார்கள். சக்கரங்களைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு பயிற்சி விமானம் தாழப் போயிற்று. அது தாண்டிய மாடியில் நீல டேங்க். வளைந்த ஏணி.

“ரோக்கோ பாய்! ரோக்கோ!” ஆட்டோ கிரீச்சிட்டு நின்றது.

கீழ்வீட்டு அம்மா தெலுங்குக்காரி. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். மேலே இருப்பவர் பூபாலன் சார், விமானம் பார்க்கிற சார், என்றாள். பால் இனிமேல் வேண்டாம் என்று ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிட்டாராம். ஊருக்குப் போகிறார் போல என்று அவளும் இருந்துவிட்டாளாம்.

“ஊருல யாரு இருக்காங்க அவருக்கு?” என்று தெலுங்கில் கேட்டாள் தாரிணி.

அந்த அம்மா யோசித்தாள். யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. அவள் முகம் மாறியது.

மூன்று பேரும் படியேறினார்கள். வெளியே பூட்டு இல்லை. காஞ்சனா தள்ளிப் பார்த்தாள். உள்தாழ்.

“நூறுக்குப் போன் போடு, தாரிணி. இப்ப பேரு இருக்கு. வீடு இருக்கு. போடு!”

“போட்டுட்டேன், ரிங் போகுது... கதவைத் தட்டுங்க ஆன்ட்டி, விடாம தட்டுங்க!”

கீழ்வீட்டு அம்மா பக்கத்துத் தெரு தச்சரைக் கூட்டிவர ஓடினாள்.

“பூபாலன் சார்! சார்!”

முன்பின் சொல்லிப் பழகாத பெயர். தன் வாயிலிருந்து வந்தால் அவருக்குத் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியுமா? காஞ்சனா கதவோடு கன்னத்தை ஒட்டிக்கொண்டாள். உள்ளே மின்விசிறி ஓடுகிற சத்தம் மட்டும்.

“ரேஞ்ச்! நான் வெதர். கேக்குதா? அன்னைக்கு நாங்க நிறுத்தியிருக்கணும். இப்ப நிறுத்திட்டோம். வெதர், நோ கோ. என்ஜின்?”

தாரிணி போனைக் காதிலிருந்து எடுக்காமலே அழுதாள்.

“என்ஜின்... நோ கோ.”

“கேட்டீங்களா? யாரும் எங்கயும் போகல. உங்க ஒருத்தருக்காகத்தான் எல்லாரும் நிக்கிறோம். ரேஞ்ச்... உங்க பதிலைச் சொல்லுங்க.”